பனித்தரையில் ஒரு சூறாவளி

ருவான்வெல்லைக்கு அண்மையிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, லயத்தின் இஸ்தோப்பில் ஒரு சிறுவன் கரிய வட்டமான பொருளொன்றை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள அவ்வில்லை, கையில் எடுத்துப் பார்த்தபோது ஆறு அவுன்சுக்குக் குறையாதிருந்தது. கனடாவிலிருக்கும் மாமன் அனுப்பிய அன்பளிப்பாம். நாற்பதாண்டு பால் வெட்டிய கையையுடைய அவனது தாத்தா அதை வாங்கி முகர்ந்தார், நகத்தால் அழுத்தினார். பின், “நம்ம பால்தான் இது. கந்தகம் போட்டு வேக வச்சிருக்கான்” என்று தீர்ப்புக் கூறினார்.

பெரியவர் கூறியது பிசகன்று. ஐஸ் ஹொக்கி என்னும் ஆட்டத்தில், பந்துக்குப் பதிலாக அடிபடும் ‘பக்’ என்பது அதுவே. கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கடினமாக்கிய இறப்பர். பனிக்கட்டியை ஐஸ் பழத்திலன்றிக் கண்டறியாத எமது கேகாலை மாவட்டத்திற்கும், ஆறும் குளமும் கல்லாய் உறையும் கனடாவிற்கும் இப்படியும் ஓர் உறவு உண்டு.

“இதை ஆடுறவங்களுக்குச் சம்பளம் உண்டா?” என்று கேட்டான் பையன். தோட்டத்துப் பிள்ளை, அவனுக்கு முதலில் எழுந்த ஐயம் அதுதான். இக்காலத்தில் கோடிக்கணக்கில் உண்டு. ஆனால், விளையாட்டிற்குக் கூலி வாங்குவது இழிவு என்று கருதப்பட்ட ஒரு காலமும் இருந்தது. அக்காலத்தில் துணிந்து கூலி வாங்கியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் பிரெடரிக் வெலிங்டன் டெயிலர். உலகம் அவரை ‘சைக்ளோன்’ டெயிலர், அதாவது சூறாவளி டெயிலர், என்றே அழைத்தது. அவருடைய கதையை அச்சிறுவனுக்குச் சொன்னோம். நேயர்களுக்கும் அதையே சொல்கின்றோம்.

டெயிலர் 1884ஆம் ஆண்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டாரா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தை விவசாயக் கருவிகளை ஊரூராகச் சென்று விற்பவர். ஐந்து பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்திற்கு அந்த வருவாய் போதுமானதாக இருக்கவில்லை. உறைந்த குட்டையில் இரும்புத் தகடு பொருத்திய சப்பாத்துடன் சறுக்கப் பழகிய பையன், பதின்மூன்று பதினான்கு வயதிலேயே வளர்ந்தவர்களை முந்தத் தொடங்கினான். குடும்பம் லிஸ்டோவெல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தது. அங்கே படிப்பை நிறுத்திவிட்டுப் பியானோ செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் மரவேலை, மாலையில் பனித்தரை. இதுவே அவர் இளமை.

அக்கால ஆட்டம் இன்றைய ஆட்டம் போன்றதன்று. ஒரு பக்கத்திற்கு ஏழு பேர். ஆட்டக்காரர் களைத்தால் மாற்றாளை இறக்கி இளைப்பாறுவது என்பதில்லை. இறங்கியவர் அரை மணி நேரங்கொண்ட இரண்டு பாதிகளையும் ஆடி முடிக்க வேண்டும். முன்னால் நிற்கும் தோழனுக்கு வில்லையைத் தள்ளிக் கொடுப்பதற்கும் அனுமதியில்லை. ஆகவே, வில்லையைத் தாமே கோலால் ஏந்திச் சென்று, எதிரிகளுக்கிடையே வளைந்து நெளிந்து, கோல் காப்பாளனை எட்டும் ஆற்றலுடையவனே அன்றைய வீரன். டெயிலரின் வேகத்திற்கு அந்த விதிகள் வாய்ப்பாயமைந்தன.

1903ஆம் ஆண்டில் அவருக்கு முதற் சோதனை வந்தது. ஒன்டாரியோ ஹொக்கிச் சங்கத்தின் காரியதரிசியாயிருந்த ஹியூவிட், டொரொன்டோ நகர அணியில் வந்து ஆடுமாறு அழைத்தார். டெயிலர் மறுத்தார். மறுத்தவருக்கு மாகாணத்தின் எந்த அணியிலும் ஆட முடியாதபடி தடை விதிக்கப்பட்டது. சங்கம் ஆட்டக்காரருக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. ஆனாலும், அவர் எங்கே ஆடலாம், எங்கே ஆடலாகாது என்று விதிக்கும் அதிகாரம் அதனிடம் இருந்தது! ஒரு பருவம் முழுவதும் பத்தொன்பது வயது இளைஞர் சும்மா இருந்தார்.

இவ்விடத்தில் எமக்கு நமது தோட்டங்களின் பழைய ‘துண்டு’ நினைவுக்கு வருகின்றது. பெரியங்கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவென்று எழுதிய துண்டு கையில் இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்திற்குப் பெயர முடியாதிருந்த காலம் ஒன்றிருந்ததை நமது பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிந்தது. டெயிலர் நிலை அவ்வளவு கொடியதன்று. அவருக்குக் கடன் இல்லை, பட்டினி இல்லை. எனினும், தன் உழைப்பைத் தான் விரும்பிய இடத்திற்குக் கொண்டுசெல்ல ஒருவன் இன்னொருவனது கையொப்பத்தை எதிர்பார்த்து நிற்பது எங்கும் ஒன்றுதான்.

தடைக்குத் தப்ப டெயிலர் மனிடோபா மாகாணத்திற்குச் சென்றார். அங்கிருந்து 1906ஆம் ஆண்டில், எல்லை தாண்டி ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஹூட்டன் நகருக்கு அழைக்கப்பட்டார். அது செப்புச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரம். பல்வைத்தியராகிய கிப்சன் என்பவர் அங்கே, ஆட்டக்காரருக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கும் அணியொன்றை நடத்தினார். 1904இல் ஐந்து ஊர்களின் அணிகள் சேர்ந்து அமைத்த அந்தக் கூட்டமைப்பே, ஐஸ் ஹொக்கியின் முதலாவது தொழின்முறைக் கூட்டமைப்பாகும். பருவத்தின் எஞ்சிய பகுதிக்கு 400 டொலரும் செலவும் என்பது டெயிலருக்குச் சொல்லப்பட்ட விலை. அவர் தயங்கவில்லை. 1906, 1907 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஹூட்டன் அணியே வென்றது. ஆனால் 1907இல் அக்கூட்டமைப்பு கலைந்துபோயிற்று. கனடாவின் அணிகளும் அதற்குள் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன.

அவரை விலைக்கு வாங்க இப்போது தலைநகர் ஒட்டாவா முன்வந்தது. கொடுத்த விலையைக் கவனியுங்கள்: பருவத்திற்கு 500 டொலர்; அதனோடு, அரசாங்கத்தின் குடிவரவுப் பகுதியில் மாதம் 35 டொலர் சம்பளத்தில் எழுதுவினைஞர் உத்தியோகம். ஆடத் தெரிந்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் எவ்வாறு வரும் என்று நேயர்கள் வியக்க வேண்டியதில்லை. நமது நாட்டிலும் வங்கிகளும் படைகளும் திணைக்களங்களும் விளையாட்டு வீரருக்கு வேலை கொடுத்துத் தம் அணியிற் சேர்த்துக்கொள்வதைக் கண்டிருக்கின்றோம். டெயிலர் மட்டும் சற்று வேறுவிதமாக நடந்துகொண்டார். பெயருக்குக் கிடைத்த அந்த உத்தியோகத்தை அவர் மெய்யாகவே பார்த்தார். பனித்தரையில் ஓடும் கால் எத்தனை நாளைக்கு என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

1908 ஜனவரியில் ஒட்டாவாவில் அவர் ஆடிய முதலாட்டத்தைக் காண மகாதேசாதிபதி கிரே பிரபு வந்திருந்தாராம். ‘அந்த நாலாம் இலக்கக்காரன் ஒரு சூறாவளி’ என்ற பொருளில் அவர் ஏதோ சொல்ல, அருகிலிருந்த பத்திரிகையாளர் அதைப் பற்றிக்கொண்டார் என்பது கதை. பிரபுக்கள் வாயிலிருந்து உதிர்ந்ததாகச் சொல்லப்படும் மொழிகளில் பாதி, பத்திரிகையாளர் மேசையிற் பிறந்தவையே என்பதை இத்தொழிலிலிருக்கும் நாம் அறிவோம். எப்படியாயினும் பெயர் நிலைத்தது. 1909இல் ஒட்டாவா அணி ஸ்டான்லி கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அதன் பின்னர் வந்தது ரென்பிரூ என்ற சிற்றூரின் முறை. சில ஆயிரம் பேரே வாழ்ந்த அவ்வூரில், சுரங்கத்திலும் இரும்புப் பாதையிலும் பெரும்பொருள் ஈட்டிய ஓப்ரியன் குடும்பத்தினர், கிண்ணத்தைத் தம்மூருக்குக் கொண்டுவரத் தீர்மானித்தனர். 1909 டிசம்பரில் டெயிலருக்கு 5,250 டொலர் தருவதாக ஒப்பந்தம் எழுதினர். ஆட்டங்களோ பன்னிரண்டு, காலமோ இரண்டு மாதம். ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் நட்சத்திரமாகிய டை கொப், 154 ஆட்டங்கள் கொண்ட பருவமொன்றிற்கு 6,500 டொலர் பெற்ற நாட்கள் அவை. ஆட்டத்திற்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், அன்று வட அமெரிக்காவில் டெயிலருக்கு நிகராகச் சம்பாதித்த விளையாட்டு வீரர் இலர்.

ஒட்டாவா ரசிகர்களுக்கு ஆத்திரம் பொங்கிற்று. ‘காசுக்கு விலைபோனவன்’ என்றனர். தாமும் காசு கொடுத்தே அவரை வாங்கியதை வசதியாக மறந்தனர். ஆட்டத்திற்கு முன்பு டெயிலர், ‘ஒட்டாவா அணியைப் பின்புறமாகச் சறுக்கிச் சென்றே ஒரு கோல் போடுவேன்’ என்று வேடிக்கையாகச் சொல்லிவைத்தது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. 1910 பெப்ரவரியில் அவர் ஒட்டாவாவுக்கு ஆட வந்தபோது எலுமிச்சம் பழங்களும் போத்தல்களும் இன்னும் எழுதத் தகாதவையும் அவர் மீது வீசப்பட்டன. அன்று அந்தக் கோல் விழவில்லை. அடுத்த மாதம் ரென்பிரூவில் நடந்த ஆட்டத்தில் அவர் போட்ட கோலொன்று பின்புறமாகச் சறுக்கியே போடப்பட்டதென்று சிலர் அடித்துச் சொன்னார்கள். ஒரு கணம் முதுகைத் திருப்பினார், அவ்வளவே என்றனர் வேறு சிலர். பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் கனடாவின் முதியோர் இதைப் பற்றி வாதிட்டிருக்கின்றனர். ரென்பிரூவுக்குக் கிண்ணம் கிடைக்கவில்லை. ஈராண்டில் அணியே கலைந்தது.

மறுபடியும் ஓர் உரிமைத் தகராறு. கலைந்த அணியின் ஆட்டக்காரர்களைப் பிற அணிகள் பங்கிட்டுக்கொண்டன; டெயிலர் மொன்றியல் அணியின் பங்கில் விழுந்தார். அவர் விரும்பியதோ ஒட்டாவா. ‘என்னைக் கேளாமல் என்னைப் பங்கிட்டால் நான் ஆடேன்’ என்ற போக்கில் 1911-12 பருவத்தைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே கழித்தார். வாழ்வில் இரண்டாம் முறையாக ஆடும் கால்கள் ஓய்ந்திருந்தன.

அவரை மீட்டவர்கள் பற்றிக் சகோதரர்கள். லெஸ்டர், பிராங்க் என்ற இவ்விருவரும் ரென்பிரூவில் அவருடன் ஆடியவர்கள். தந்தையின் மரவியாபாரப் பணத்தைக் கொண்டு பசிபிக் கரையில் புதிய கூட்டமைப்பொன்றை நிறுவியிருந்தனர். அக்கரையில் குளிர் போதாது. பனி தானாக உறையாது. ஆகவே இயந்திரத்தால் பனித்தரையை உறையவைக்கும் மாபெரும் அரங்குகளை 1911இன் இறுதியில் வன்கூவரிலும் விக்டோரியாவிலும் கட்டி முடித்தார்கள். வன்கூவர் அரங்கில் பதினாயிரம் பேர் அமரலாம். 1912இல் டெயிலர் அங்கே சென்றார். குடிவரவு உத்தியோகத்தையும் வன்கூவருக்கே மாற்றிக்கொண்டார்.

இனி நாம் சொல்லப்போவது விளையாட்டுப் பக்கங்களில் அரிதாகவே வருவது.

1914ஆம் ஆண்டின் வசந்தத்தில் டெயிலர் திருமணம் செய்துகொண்டார். மணமகள் தேர்சா குக், ஒட்டாவாவில் அவர் வேலை செய்த அலுவலகத்திற் பழக்கமானவர். ஹொக்கி ஆடுபவனுக்குப் பெண் கொடுப்பதா என்று மணமகளின் தாயார் முகஞ் சுளித்தமையால், பதினாயிரம் டொலர் சேர்த்த பின்பே மணம் என்று டெயிலர் பல்லாண்டு காத்திருந்தார் என்பர். புதுமணத் தம்பதியர் வன்கூவரில் குடித்தனம் தொடங்கிய சில வாரங்களில், மே 23ஆம் தேதி, துறைமுகத்திற்கு ஒரு ஜப்பானியக் கப்பல் வந்தது. பெயர் கொமகாத்தா மாரு.

அதில் 376 பிரயாணிகள் இருந்தனர். யாவரும் பஞ்சாபியர், பெரும்பாலோர் சீக்கியர். குர்தித் சிங் என்பார் ஹொங்கொங்கில் கப்பலை வாடகைக்கமர்த்தி அவர்களை அழைத்து வந்திருந்தார். பிரித்தானிய முடியின் பிரசைகள் பிரித்தானிய முடிக்குட்பட்ட எந்த நாட்டிற்கும் செல்லலாம் என்பது அவர்களது நம்பிக்கை. கனடாவின் சட்டமோ வேறு விதமாக இருந்தது. தாய்நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காது நேராக வரும் பிரயாணியே இறங்கலாம். ஆசியராயின் கையில் 200 டொலரும் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரே வரும் கப்பலே அந்நாளில் கிடையாது. ‘இந்தியர் வரலாகாது’ என்று எழுதாமலே அவர்களை வராமற் செய்த சட்டம் அது. இலங்கையிலிருந்து ஒருவர் போயிருந்தாலும் அதே கதிதான்.

நங்கூரமிட்ட அக்கப்பலில் முதன்முதலிற் காலடி வைத்த கனேடிய உத்தியோகத்தர் டெயிலரே என்று அவரது வரலாற்றிற் கூறப்படுகின்றது. ஊரெங்கும் புகழ்பெற்ற அந்த முகத்தைப் பஞ்சாபிய விவசாயிகள் அறிந்திருக்க மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை, ஏணியில் ஏறி வந்த சட்டம் அவர். அவர் மேலதிகாரியல்லர், இறங்க விடுவதா இல்லையா என்று தீர்மானித்தவர் அவரல்லர் என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும், ஆட்டத்திற்கு விலையாகக் கிடைத்த உத்தியோகம் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அது.

இரண்டு மாதம் கப்பல் கரைக்கெதிரே நின்றது. முன்பே கனடாவில் வாழ்ந்து திரும்பியோர் முதலாகச் சுமார் இருபது பேர் மாத்திரம் இறக்கப்பட்டனர். எஞ்சியோர் உணவுக்கும் தண்ணீருக்கும் தவித்தார்கள். கரையிலிருந்த சீக்கியர்கள் பணம் திரட்டி வழக்காடினார்கள், நீதிமன்றம் கைவிரித்தது. ஜூலை 19ஆம் தேதி இரவில் பொலிசார் இழுவைப் படகில் நெருங்கியபோது, பிரயாணிகள் கப்பலிலிருந்த நிலக்கரிக் கட்டிகளையே ஆயுதமாக வீசித் துரத்தினார்கள். பின்னர் போர்க்கப்பலொன்று வந்து நின்றது. ஜூலை 23இல் கொமகாத்தா மாரு திரும்பியது. செப்டெம்பரில் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள பட்ஜ் பட்ஜ் துறையில் இறங்கியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பிரயாணிகளில் சுமார் 20 பேர் மாண்டனர்.

அதே 1914ஆம் ஆண்டிலேதான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியது. அவ்வழியே நமது முன்னோர் ஆயிரக்கணக்கில் இத்தீவுக்கு அழைத்து வரப்பட்டனர். இறப்பருக்கும் தேயிலைக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஆகவே கதவு திறந்திருந்தது. ஆள் வேண்டாத காலத்தில் அதே கதவு வேறு விதமாக நடந்துகொண்டதை 1948க்குப் பின் நாம் அனைவரும் கண்டோம்.

டெயிலருக்கு மறு ஆண்டே மகுடம் காத்திருந்தது. 1915இல் ஸ்டான்லி கிண்ணத்திற்காக ஒட்டாவா அணி வன்கூவருக்கு வந்தது. மூன்று ஆட்டங்களிலும் வன்கூவரே வென்றது. இறுதி ஆட்டத்தில் 12க்கு 3. பசிபிக் கரைக் கூட்டமைப்பில் புள்ளிக் கணக்கில் ஐந்து முறை அவரே முதலிடம் பெற்றார். 1917-18 பருவத்தில் 18 ஆட்டங்களில் 32 கோல்கள் போட்டபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. 1921இல் ஓய்ந்தார், பின்னர் ஒரே ஒரு முறை இறங்கிப் பார்த்தார்.

ஆட்டம் நின்றது, உத்தியோகம் நிற்கவில்லை. படிப்படியாக உயர்ந்து, பிரித்தானியக் கொலம்பியாவிற்கும் யூக்கோனுக்கும் குடிவரவு ஆணையாளரானார். 1946இல் அரச விருதும், 1947இல் ஹொக்கிப் புகழ் மண்டபத்தில் இடமும் கிடைத்தன. கொமகாத்தா மாருவைத் திருப்பியனுப்பிய அந்த நேர்ப் பிரயாண விதி நீக்கப்பட்டதும் 1947இலேயே. 1950இல் இளைப்பாறினார். மாகாணத் தேர்தலொன்றில் நின்று தோற்றார். 1979 ஜூன் மாதத்தில், தொண்ணூறைக் கடந்த முதியவராக வன்கூவரில் காலமானார். கப்பலைத் திருப்பியதற்காகக் கனடாவின் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016ஆம் ஆண்டில்.

அதற்கு ஆறாண்டுகள் முன்பு, 2010 ஆகஸ்டில், அதே மாகாணத்தின் கரையை வேறொரு கப்பல் அடைந்தது. ‘சன் சீ’ என்ற அக்கப்பலில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக இலங்கைத் தமிழர் 492 பேர் இருந்தனர். அவர்கள் தடுத்து வைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். ஆனால் கப்பல் திருப்பியனுப்பப்படவில்லை. பையனின் மாமன் விமானத்தில் சென்றவர். எனினும், இந்தப் பகுதியைச் சொன்னபோது தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த ஆட்டக்கார தொர கப்பல்ல ஏறி என்ன கேக்கணும்னு சட்டம் சொல்லிச்சு?” என்றார்.

கையில் எவ்வளவு பணம், நேராக வந்தாயா இடையில் எங்கேனும் தங்கினாயா, இவ்விரண்டுமே முக்கியமென்றோம்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. அவருடைய தந்தையார், 1949ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் மனுப்போட்டு நிராகரிக்கப்பட்டவர்களுள் ஒருவர்.

“எங்கப்பாகிட்டயும் அதே ரெண்டுதான் கேட்டாங்க. வருமானம் என்ன, நடுவுல இந்தியா போனியான்னு.”

பையன் வில்லையை மறுபடியும் இஸ்தோப்பில் உருட்டத் தொடங்கினான். சீமெந்துத் தரையில் அது சறுக்கவில்லை; தத்தித் தத்திச் சென்று வாசற்படியில் விழுந்தது.